மொழி தராததை முறையால் பெறுவோம்



திருவேங்கடம் வட்டாரத்தில் சி மொழியை மட்டுமே கற்ற நம் பிள்ளைகளுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. அம்மொழியில் இனக்குழு இல்லை, மரபுரிமம் இல்லை. ஆதலின் பொருள்நோக்கு நிரலாக்கம் நமக்கு எட்டாதோ என்பதே அது. எட்டும் என்பதற்கு வரலாறே சான்று.

1967இல் நார்வே அறிஞர்கள் டாலும் நைகார்டும் சிமுலா 67 வழியாக இக்கருத்தை அளித்தனர். 1972 அளவில் டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வகத்தில் சி மொழியை உருவாக்கினார். 1979இல் அதே ஆய்வகத்தில் ஸ்ட்ரூஸ்ட்ரப் தொடங்கிய பணி சி++ ஆக மலர்ந்தது. அவருடைய தொடக்ககால மொழிமாற்றி, சி++ நிரலைச் சி நிரலாகவே மாற்றித் தந்தது. எனவே இனக்குழு செய்வதனைத்தையும் சி மொழியிலும் செய்யலாம் என்பது தெளிவு.

நம் நூலகக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 'உருப்படி' என்னும் கட்டுருவில் தலைப்பையும் இரவல் நாளையும் வைப்போம். தாமதக் கட்டணம் கணக்கிடும் செயற்கூற்றைச் சுட்டும் பாயிண்டர் ஒன்றையும் சேர்ப்போம். 'நூல்', 'இதழ்' என்னும் கட்டுருக்களில் 'உருப்படி'யை முதல் உறுப்பாக அமைப்போம். இதுவே மரபுரிமம். நூலுக்குப் பதினான்கு நாள், இதழுக்கு மூன்று நாள் என அவ்வவற்றின் செயற்கூறு கணக்கிடும். முதன்மை நிரல் எவ்வகை என்று வினவாமல் பாயிண்டர் வழியே அழைக்கும். இதுவே பல்லுருவாக்கம். நாளை குறுந்தகடு சேர்ந்தாலும் முதன்மை நிரலின் கணக்கிடும் பகுதியைத் திருத்த வேண்டுவதில்லை.

1991இல் பிறந்த லினக்ஸ் கருவகமும் இம்முறையையே கையாள்கின்றது. படித்தல், எழுதுதல் ஆகியவற்றுக்கான செயற்கூறுகளைச் சாதன இயக்கிகள் ஒரு பட்டியலில் நிரப்பித் தருகின்றன. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த பாஸ் லினக்ஸும் அக்கருவகத்தின் மீது அமைந்ததே.

ஒன்றை மறத்தலாகாது. இங்கே மொழி காவல் நிற்பதில்லை. பாயிண்டரை நிரப்பத் தவறினால் நிரல் இடையில் வீழும். ஆகவே உருப்படியைத் தோற்றுவிக்கும் செயற்கூறே அதனை நிரப்புதல் வேண்டும். உட்கூறுகளைத் தலைப்புக் கோப்பில் வெளியிடாது மறைத்தல் வேண்டும்.

பள்ளியும் நூலகமும் நம்மவர்க்கு மரபுரிமையாக வந்தவை அல்ல. கூடி உழைத்துப் பெற்றவை. அவ்வுழைப்பின் ஒழுங்கு நிரலிலும் விளங்கட்டும். புதிய மொழி வரும்வரை காத்திராமல், கையிலுள்ள மொழியில் இன்றே தொடங்குவோம், இளைஞர்களே!