விலையில்லாச் சான்றும் விலைமதிப்புள்ள உழைப்பும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே எல்லைக்கோடு விழுந்தது. அக்கோடு நிலத்தைப் பிரித்தது. கல்வியைப் பிரிக்க அதனால் இயலாது.

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசி வளர்கின்றனர். இரு மொழிகளில் பழகிய நாவினர்க்கு மூன்றாவதொரு மொழி அரிதன்று. கணிப்பொறிக்குக் கட்டளையிடும் நிரல்மொழியையே சொல்கின்றேன். அதனைக் கற்பது எளிது. "கற்றேன்" என்று பிறரை நம்பச் செய்வதுதான் அரிது. இங்கேதான் சான்றிதழ் என்னும் வாயில் குறுக்கே நிற்கின்றது. அவ்வாயிலைத் திறக்கப் பலவிடத்தும் பணம் கேட்கின்றனர். லினக்ஸ் அறக்கட்டளை நடத்தும் தேர்வுகளுக்கே பல நூறு டாலர் கட்டணம். நம் நாட்டு என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். ஆனால் தேர்வெழுதிச் சான்று பெறக் கட்டணம் உண்டு. பாடம் இலவசம் என்பது வேறு, சான்று இலவசம் என்பது வேறு. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் முதலிலேயே கேட்டறிதல் வேண்டும்.

இரண்டையும் இலவசமாக வழங்குவோரும் உளர். 2014-இல் குவின்சி லார்சன் தொடங்கிய பிரீகோட்கேம்ப் அவற்றுள் ஒன்று. இலாப நோக்கற்ற அந்நிறுவனம் நன்கொடையால் நடைபெறுகின்றது. அதன் பாடங்களின் மூல நிரலையே எவரும் பார்க்கலாம், திருத்தி உதவலாம். ஆயினும் சான்று சும்மா கிடைப்பதன்று. மாணவர் குறித்த செயல்திட்டங்களைத் தம் கையால் செய்து முடித்தல் வேண்டும். பிறர் வேலையைத் தமதெனக் காட்டேன் என்று உறுதியும் கூறுதல் வேண்டும். பணத்துக்கு மாற்றாக அங்கே உழைப்பையே கேட்கின்றனர். ஆங்கிலம் தடையாயின், மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் முதலிய பாடங்கள் தமிழிலும் மலையாளத்திலும் உள்ளன.

"விலையில்லாதது மதிப்பில்லாதது" என்பார் சிலர். 2017 நவம்பர் முதல் உலகின் தலைசிறந்த ஐந்நூறு மீக்கணினிகளும் லினக்ஸைக் கொண்டே இயங்குகின்றன. அதுவும் விலையின்றிக் கிடைப்பதே! நம் மாநிலத் தலைநகரில் 2001-இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்றது. கேரளப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பழகுவதும் கட்டற்ற மென்பொருளே. 2018-இல் தோன்றிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் அதனை மேலும் வளர்த்தன. ஆதலின் அடிப்படை நமக்குப் புதிதன்று.

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. வீட்டிலிருந்து பெறும் சான்றில், எழுதியவர் இவர்தாமா என்று ஐயுறுவோர் உண்டு. அவ்வையத்தை நீக்குவது மற்றொரு தாளன்று, செயலே ஆகும். கட்டற்ற மென்பொருள் உலகில் ஒருவர் எழுதிய நிரலும், அதற்கு மூத்தோர் சொன்ன திருத்தமும், நாளும் பெயருமாய் அனைவரும் காணப் பதிவாகின்றன. ஒரு பிழையைத் திருத்தினாலும், ஒரு மென்பொருளின் சொற்களைத் தமிழாக்கினாலும் அப்பதிவு நிற்கும். கழக்கூட்டத்தில் 1990 முதல் விளங்கும் டெக்னோபார்க்கில் நேர்காணலுக்குச் செல்லும் இளைஞன், சான்றைக் காட்டிய கையால் தன் வேலையையும் காட்டட்டும். சான்று கதவைத் தட்டும். வேலையே உள்ளே அழைத்துச் செல்லும்.

நம் சங்கம் செய்யத்தக்கது என்ன? ஞாயிறுதோறும் ஓர் அறை; பழைய கணிப்பொறிகள் இரண்டு மூன்று; வேலையிலுள்ள மூத்த இளைஞர் ஒருவரின் இரண்டு மணி நேரம். இவை போதும். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் வருதல் வேண்டும். "இலவசமாய்ச் சான்று வாங்கித் தருகின்றோம்" என்று பணம் பறிப்போர் வரின், அவர்களை வாயிலிலேயே நிறுத்துங்கள்.

கட்டணம் கட்ட இயலாமையால் நம் குடியிருப்பில் ஒரு பிள்ளையின் அறிவும் வாடுதல் ஆகாது. அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையில் நிற்பவர், அவ்வறையில் பயின்ற மாணவராக இருக்கட்டும்.