தறிக்கூடத்தில் பிள்ளைகள்

தாராசுரம் கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்ப் பாருங்கள். நாம் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். அவர்களோ ஒரே தலையில் யானையும் காளையும் சேர்ந்திருக்கும் சிற்பத்தின் முன்னால் நின்றுவிடுவார்கள். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. இரண்டாம் இராசராசன் காலத்துச் சிற்பி வைத்த விளையாட்டு இன்னும் அலுக்கவில்லை. பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் இசையொலி எழும் என்பார்கள். இன்று அதைச் சுற்றிக் கம்பித் தடுப்பு. போட்டது சரிதான், தட்டத் தட்டக் கல் தேயும். ஆனால் தட்டிப் பார்க்கத் துடிக்கும் அந்தக் கைகளுக்கு ஊருக்குள் வேறொரு இடம் வேண்டும்.

அதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. தஞ்சாவூரில் நூறாண்டு கடந்த பழைய கலெக்டர் ஆபீஸைப் பழுதுபார்த்து 2023-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மனு கொடுக்கக் காத்து நின்ற இடத்தில் இன்று பிள்ளைகள் ஓடுகிறார்கள், பக்கத்திலேயே பறவைப் பூங்கா. நல்ல காரியம். ஆனாலும் அங்கே பெரும்பாலும் பார்க்கிற வேலைதான். செய்கிற வேலைக்குச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவைச் சொல்வேன். இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்து, தூணும் உத்தரமும் கதவுமாக ஏற்றி வந்து மறுபடி எழுப்பி, 1996-இல் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடும் காஞ்சிபுரம் நெசவாளர் வீடும் அங்கே உண்டு. பிள்ளைகள் சக்கரத்தில் களிமண்ணை வைத்துப் பானை வனைந்து பார்க்கலாம். கை நடுங்கிப் பானை ஒருபக்கம் சாயும், யாரும் திட்ட மாட்டார்கள். அமெரிக்காவின் புரூக்ளினிலும் 1899-இல், உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகம் என்று சொல்லப்படுவது, ஒரு பழைய மாளிகையில்தான் தொடங்கியது.

தாராசுரத்தில் இதற்கு ஏற்றவையாக எனக்குத் தோன்றுவது பட்டு நெசவாளர் வீடுகள். சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்த ஊர் இது. பாவு நீட்ட நீளம் வேண்டுமென்பதால் தறிக்கூடம் நீளமாகத்தான் இருக்கும். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து படம் வரைய இதைவிட நல்ல அறை எது? ஒரு தறியை அப்படியே விட்டுவைக்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றக் கற்றுக்கொடுக்கட்டும். நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடுவதைப் பார்த்தாலே ஒரு குழந்தைக்கு அரை நாள் போய்விடும். வரையக் கற்றுக்கொடுக்கவும் ஆள் தூரத்தில் இல்லை. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள்.

பழுதுபார்ப்பதில் கவனம் வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உப்பிப் பெயரும். ஆற்றுப் பாசனம் பாயும் நம் பக்கத்தில் அடிச்சுவர் ஈரம் சாதாரணமல்ல. சுண்ணாம்புக் காரையே பூசுங்கள், கொஞ்சம் செலவானாலும்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. தாராசுரம் கோயில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அதே 2004-இல், ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல்கூடக் கீற்றிலிருந்து பரவிய தீ. பிள்ளைகள் ஓடித் தப்ப வழி இல்லை. பிள்ளைகளுக்காக இங்கே எந்தக் கட்டடத்தைத் திறந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது வாசல். முன்னும் பின்னுமாக இரண்டு வாசல், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, புதிதாக இழுத்த மின்கம்பி, கீற்று இல்லாத கூரை. இவை முடியாவிட்டால் திறப்பு விழாவைத் தள்ளிப் போடுங்கள்.

பூட்டிக் கிடக்கும் தறிவீடு உங்களுடையதாக இருந்தால், இடிக்க விலை பேசும் முன் தெருக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தாராசுரம் இப்போது கும்பகோணம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் கேட்டுப் பாருங்கள். கோடை விடுமுறையில் ஒரு கூடம், நாலு பாய், கொஞ்சம் களிமண், ஒரு தறி இருந்தால் தொடங்கிவிடலாம்.