அடுத்த வீட்டுச் சாமியும் ஆரம்பப் பள்ளியும்



வகுப்பறையே வாழ்க்கையென்று இருந்த ஓர் ஆசிரியையின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. எனவே வகுப்பறைக்குரிய கேள்வி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்: ஏழு வயதுப் பிள்ளைக்கு உலகச் சமயங்களைச் சொல்லிக்கொடுக்கலாமா? கொடுப்பதென்றால் எப்படி?

இந்தக் கேள்வியோடு நெடுநாள் மல்லுக்கட்டிய நாடு இங்கிலாந்து. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அங்கே சமய போதனையைக் கட்டாயமாக்கியது. விருப்பமில்லாத பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளவும் வழிவிட்டது. அன்றைய பாடம் பெரும்பாலும் பைபிள்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பஞ்சாபிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேற, வகுப்பறையின் முகமே மாறியது. 1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட், ஒரு சமயத்தை எடைபோடுமுன் அதில் வாழ்கிறவரின் கண்ணால் அதைப் பார்க்கக் கற்க வேண்டும் என்ற பார்வையைக் கல்விக்குள் கொண்டுவந்தார். 1975இல் பர்மிங்காம் நகரம் பல சமயங்களோடு கம்யூனிசம் போன்ற சமயம் சாராக் கொள்கைகளையும் பாடத்திட்டத்தில் சேர்த்தபோது பெரும் சர்ச்சை மூண்டது. ஆனாலும் கிறித்துவத்துக்கு முதலிடம் தந்த 1988ஆம் ஆண்டுச் சட்டமே, நாட்டின் பிற முக்கியச் சமயங்களையும் பாடம் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது.

இந்தப் பாடம் அங்கே தொடக்கப் பள்ளியில் எப்படி நடக்கிறது? பிள்ளைகளைச் சீக்கியரின் வழிபாட்டிடமான குருத்வாராவுக்கு அழைத்துப் போகிறார்கள். செருப்பைக் கழற்றி, தலையைத் துணியால் மூடி உள்ளே நுழைகிறார்கள். விதானத்தின் கீழ் ஒரு நூல். அதற்கு ஒருவர் சாமரம் வீசுகிறார். ‘புத்தகத்துக்கு எதற்கு விசிறி?’ என்று ஒரு பிள்ளை கேட்கும். குரு கிரந்த் சாகிப்பைச் சீக்கியர் உயிருள்ள குருவாகவே மதிக்கிறார்கள் என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாக வரும்போது மனத்தில் தங்குகிறது. பிறகு லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் எல்லோருக்கும் தரையில் ஒரே பந்தி, ஒரே ரொட்டி, ஒரே பருப்பு. சமத்துவம் என்ற சொல்லை ஆசிரியர் உச்சரிக்கவே வேண்டியதில்லை.

இலங்கையின் வழி வேறு. அங்கே சமயம் கட்டாயப் பாடம்; ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தை மட்டுமே படிக்கிறது. ஒரே தமிழைப் பேசும் பிள்ளைகளில் ஒன்று சைவநெறியும் ஒன்று இஸ்லாமும் ஒன்று கத்தோலிக்கமும் படிக்கப் பிரிந்து போகின்றன. வேர் பிடிக்கிறது, வேலியும் உயர்கிறது.

நம் இந்தியாவில் முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆம் பிரிவு. அதைக் காட்டி நாம் வாயை மூடிக்கொண்டோம். ஆனால் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றி அறிவது வேறு என்று 1964-66இல் கோத்தாரி கல்விக் குழு தெளிவாகவே பிரித்துக் காட்டியது. 2002இல் உச்ச நீதிமன்றமும் அந்த அறிதலுக்குத் தடையில்லை என்றது. பள்ளி பேசாததைப் பிள்ளை எங்கே கற்கிறது? தெருவிலும் கைப்பேசியிலும்தான்.

ஆசிரியர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ‘கடவுள் இப்படிச் செய்தார்’ என்னாமல், ‘இவர்கள் இப்படி நம்புகிறார்கள்’ என்று சொல்லுங்கள். உங்கள் சமயத்தைப் பேசும்போதும் அப்படியே. வகுப்பில் இருக்கும் ஒரே முஸ்லிம் பிள்ளையை எழுப்பி, அதன் சமயத்துக்கு விளக்கம் கேட்காதீர்கள்; தானாக முன்வந்தால் மகிழ்ச்சியோடு கேளுங்கள். சாமி கும்பிடாத வீட்டுப் பிள்ளைக்கும் இந்தப் பாடத்தில் இடம் கொடுங்கள். பெரியார் பிறந்த மண்ணில் இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாச் சமயமும் ஒன்றே என்று முடித்துவிடுவதும் சோம்பல்தான். வேறுபாடு இருக்கிறது, அதைப் பயமின்றிப் பார்க்கப் பழக்குவதே கல்வி. அதற்குத் தக்க பயிற்சி ஆசிரியருக்கு வேண்டும். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களை நடத்துவோர் இந்த அவையில் இருக்கிறீர்கள். வரும் கல்வியாண்டிலேயே உங்கள் கால அட்டவணையில் இதற்கு இடம் ஒதுக்குங்கள் என்று கேட்டு அமைகிறேன்.