விட்டுவிட்டு எரியும் விளக்கு

மோட்டார் வண்டியின் முகப்பிலே சிறு விளக்குகள் பல உண்டு. அணையாது எரியும் விளக்கு நமக்கு அவ்வளவு தொல்லை தருவதில்லை. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு செல்கிறோம், காரணம் அகப்பட்டுவிடுகிறது. எரிந்து, அணைந்து, பட்டறைக்காரர் முன்னிலையில் ஒன்றும் அறியாததுபோல் இருந்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் மீண்டும் கண் சிமிட்டும் விளக்கே மனிதரைச் சோதிப்பது. அத்தகைய விளக்கு ஒன்றோடு திருவனந்தபுரத்தில் நாம் பட்ட பாட்டைச் சொல்ல வந்தோம். பிற மாநிலங்களில் வண்டி ஓட்டியும் வண்டி பழுது பார்த்தும் வாழும் தமிழர் பலர். அவர்களுக்கு இது பயன்படக் கூடும்.

நம் நண்பர் ஒருவர் நாகர்கோவில் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தகப்பனார் திருவனந்தபுரத்திற்குக் குடிவந்த காலத்தில் நாகர்கோவிலும் திருவிதாங்கூரிலேயே இருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, வீட்டைவிட்டு ஓரடியும் நகராமலே அக்குடும்பம் வெளிமாநிலத்தார் ஆயிற்று! நண்பரின் வீடு சங்குமுகம் கடற்கரைக்கு அருகில் உள்ளது. இருவர் மட்டும் அமரக்கூடிய பழைய ஐரோப்பிய விரைவு வண்டி ஒன்றை அவர் பிள்ளையைப்போல் பேணி வருகிறார். அதன் எட்டு சிலிண்டர்களும் இடப்புறம் நான்கு, வலப்புறம் நான்காக அமைந்தவை. புறத்திற்கு ஒன்றாக இரண்டு எச்சரிக்கை விளக்குகள் உண்டு. புகைக்குழாய் அளவுக்கு மீறிச் சூடாயிற்று, வேகத்தைக் குறை என்பது அவ்விளக்குகளின் பொருள். 1989-இல் வெளிவந்த ஃபெராரி 348 முதலிய வண்டிகளில் இவ்வமைப்பைக் காணலாம்.

புகைக்குழாய் சூடாவதில் வியப்பென்ன என்று கேட்பீர்கள். அக்குழாயின் நடுவே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்னும் உறுப்பு இருக்கிறது. தேன்கூடு போன்ற பீங்கான் கண்ணறைகளின்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்களை மெல்லப் பூசியிருப்பர். நச்சுப்புகை அதனூடே செல்லும்போது பெரும்பாலும் தீங்கற்ற வாயுவாக மாறுகிறது. நம் நாட்டில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 முதல் இது கட்டாயமாயிற்று. அது 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இயல்பாக வேலை செய்யும். ஆனால் ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினால், எரியாத பெட்ரோல் அப்படியே குழாய்க்குள் சென்று அத்தேன்கூட்டில் பற்றி எரியும். வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டும், கூடு உருகும், அருகிலுள்ள கம்பிகளும் ரப்பர்க் குழாய்களும் தீப்பற்றலாம். அதனைத் தடுக்கவே அவ்விளக்கு.

நண்பரின் வண்டியில் இடப்புற விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. பாலராமபுரத்தைத் தாண்டும்போது ஒருநாள் எரியும். பிறகு ஒரு வாரம் எரியாது. மழை பெய்த காலையில், எஞ்சின் சூடேறுமுன்னரே எரியும். "அண்ணாச்சி, பல்பைக் கழற்றிவிட்டால் போதும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைப் பொன்முடிக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?" என்று நம்மிடம் வந்தார். பொன்முடிச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபத்திரண்டு. மலையேறும் எஞ்சின் உழைக்கும் உழைப்பை நாம் சொல்ல வேண்டியதில்லை. அளவுக் கருவிகளோடு சில காலம் பழகியவர்கள் ஆதலின், பல்பைத் தொட வேண்டாம் என்று சொல்லி வண்டியை வாங்கிக்கொண்டோம்.

இத்தகைய இடத்தில் இரண்டில் ஒன்றுதான் உண்மை. வெப்பம் மெய்யாகவே மிகுந்திருக்க வேண்டும். அல்லது வெப்பத்தை அறிவிக்கும் தூதன் பிழைபட்டிருக்க வேண்டும். பெரியோரும் இக்கேள்வியைச் சந்திக்கின்றனர். 2023 அக்டோபர் 21-ஆம் நாள், ககன்யான் திட்டத்தின் சோதனை வாகனம் ஸ்ரீஹரிகோட்டாவில் புறப்பட ஐந்து விநாடி இருக்கையில் கணினி அதனை நிறுத்திவிட்டது. கோளாறு கண்காணிக்கும் ஏற்பாட்டில் இருந்ததாகக் கண்டு திருத்தி, காலை பத்து மணிக்கு ஏவினர். அவ்வாகனத்தை உருவாக்கியது சங்குமுகத்திற்கு வடக்கே சிறிது தொலைவில், தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையமே. தூதன்மேல் ஐயம் எழுந்தாலும், ஐயம் தீரும்வரை அவன் சொல்லை மெய்யென்றே கொண்டு அவர்கள் நின்றனர். நாமும் அவ்வாறே தொடங்கினோம்.

அந்தத் தூதனின் பெயர் தெர்மோகப்பிள். வெவ்வேறான இரு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து அம்முனையைச் சூடாக்கினால், மறுமுனைகளுக்கிடையே சிறிது மின்னழுத்தம் தோன்றும். 1821-இல் ஸீபெக் என்பார் கண்ட உண்மை இது. கிரோமல், அலுமல் என்னும் கலப்பு உலோகங்களால் ஆன இணையில் 900 டிகிரிக்கும் கிடைப்பது ஏறத்தாழ 37 மில்லிவோல்ட்தான். பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் முந்நூற்றில் ஒரு பங்கு! இவ்வளவு மெல்லிய குரலில் பேசுபவனின் வழியில் சிறிது துரு படிந்தாலும் சொல் திரிந்துவிடும்.

முதலில் நண்பரிடம் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, விளக்கு எரியும்போதெல்லாம் இடம், நேரம், மழையா வெயிலா, சாலையில் குழியா என்று குறிக்கச் சொன்னோம். மெய்யான வெப்பம் மெல்ல ஏறி மெல்லத் தணியும். குழியில் சக்கரம் விழுந்த கணமே எரிந்து மறுகணம் அணையாது. குறிப்புகள் ஈரத்தையும் குலுக்கலையுமே சுட்டின. ஆயினும் அதனை மட்டும் நம்பாமல், தொலைவிலிருந்தே வெப்பம் அளக்கும் அகச்சிவப்புக் கருவியால் இரு கன்வெர்ட்டர்களையும் ஒரே இடத்தில் அளந்தோம். அக்கருவி மேலோட்டின் சூட்டையே காட்டும், உள்வெப்பத்தை அன்று. எனினும் இடத்தையும் வலத்தையும் ஒப்பிடலாம்.

இங்கேதான் நம் எண்ணம் புரண்டது. விளக்கு எரிந்த இடப்புறம் இயல்பாக இருந்தது. ஒருநாளும் எரியாத வலப்புறம் அதைவிட எண்பது டிகிரி மிகுந்திருந்தது!

இடப்புறத்தை முதலில் முடித்தோம். விளக்கை ஆளும் பெட்டிகள் புறத்திற்கு ஒன்று, ஒரே வகை. இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தினோம். பெட்டியில் பழுதென்றால் விளக்கும் புறம் மாறி எரிய வேண்டும், மாறவில்லை. எஞ்சின் ஓடும்போதே கம்பியைப் பிடித்து மெல்ல அசைத்து வந்தோம். ஒரு சாக்கெட்டைத் தொட்டவுடன் விளக்கு எரிந்தது. திறந்தால் உள்ளே பச்சைக் களிம்பு. கடற்காற்றின் உப்பு தந்த பரிசு. சுற்று அறுந்தால் அப்பெட்டி அதனை மிகுவெப்பம் என்றே கொள்கிறது. ஒன்றும் தெரியாதபோது ஆபத்து என்று கொள்ளும் காவலன் நல்ல காவலனே. களிம்பைத் துடைத்து, முள்ளை இறுக்கிப் பொருத்தினோம்.

பிறகு வலப்புறம். தெர்மோகப்பிளைக் கழற்றிக் கொதிநீரில் முக்கினோம். சுற்றுப்புறம் 30 டிகிரியாயின் மீட்டர் 2.9 மில்லிவோல்ட் அளவில் காட்ட வேண்டும், காட்டிற்று. குற்றம் கம்பியில் இருந்தது. முன்னொரு காலத்தில் அது அறுந்தபோது, யாரோ ஒரு முழம் சாதாரணச் செம்புக் கம்பியை இடையில் ஒட்டுப் போட்டு, அழகாக டேப் சுற்றியிருந்தனர். வேலைப்பாட்டில் குறையில்லை, அறிவிலேதான் குறை. செம்புத் துண்டின் இரு முனைகளும் ஒரே சூட்டில் இருந்தால் கேடில்லை. ஆனால் ஒரு முனை எஞ்சினருகே 150 டிகிரியிலும் மறுமுனை 70 டிகிரியிலும் இருந்தால், இடைப்பட்ட 80 டிகிரி கணக்கில் வாராமலே போய்விடும். வண்டி சூடேற ஏற, தூதன் குறைத்துக் குறைத்துச் சொல்வான். அறுந்த கம்பியாவது கூவியது. ஒட்டுப் போட்ட கம்பி வாயே திறக்கவில்லை.

வலப்புறம் மெய்யாகவே சூடேறிய காரணம் அரை மணியில் கிடைத்தது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் ஒன்று மட்டும் கரி படிந்து, பெட்ரோல் நாற்றத்தோடு ஈரமாக இருந்தது. அதற்குச் செல்லும் கம்பியின் மூடி வெடித்து, தீப்பொறி பக்கத்து இரும்பிற்கு ஓடிக்கொண்டிருந்தது. சமவெளியில் காதுக்குத் தெரியாத இத்தடுமாற்றம், மலைச்சாலையில் நெடுநேரம் எஞ்சினை அழுத்தும்போது என்ன செய்திருக்கும் என்று நண்பரிடம் நாம் விரித்துரைக்கவில்லை. அவர் வெடித்த மூடியைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய பிளக் கம்பி வந்தது. செம்பை நீக்கிவிட்டு, தெர்மோகப்பிளுக்கே உரிய கிரோமல், அலுமல் கம்பியை வரவழைத்து முழு நீளத்திற்கும் மாற்றினோம். அதற்குப் பத்து நாள் ஆயிற்று. ஆதலால் அந்த ஞாயிற்றுக்கிழமை தந்தையும் மகளும் பொன்முடிக்குப் பேருந்தில் சென்றனர். மகளுக்கு அதுவே மிகவும் பிடித்திருந்ததாம். அடுத்த மாதம் வண்டியிலேயே சென்று திரும்பினர், விளக்கு எரியவில்லை. எரியாத விளக்கை நம்பிய அனுபவம் ஒன்று முன்னமே இருந்தமையால், மறுநாட் காலை இருபுறத்தையும் மீண்டும் அளந்து பார்த்தோம். வேறுபாடு ஆறு டிகிரி.