மலைவழி நடைக்கு முன்னர் ஓர் ஆலோசனை

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வரும் விடுமுறையில் மலைநாட்டிலே நடைப்பயணம் செல்ல எண்ணியுள்ளோம். எவ்வழியே, எத்தனை நாளில், எந்நிபந்தனையோடு என்பவற்றைப் புறப்படுமுன் தீர்மானித்துக்கொள்வது நம் கடமை. பிள்ளைகளை அனுப்பவிருக்கும் பெரியோர்களுக்கும் இதை அறியும் உரிமை உண்டு.

கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிவது பெக்கோ பாதை. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்நெடுவழி 22 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. பெக்கோ என்பது தேயிலைத் தரமொன்றின் பெயர். முழுவதும் நடக்க நமக்கு நாளும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆதலால் ஹந்தானையிலிருந்து கலஹா, கலஹாவிலிருந்து லூல்கந்துரை ஆகிய முதலிரு பகுதிகளைத் தெரிந்துள்ளோம். ஹந்தானையில் 1925இல் எழுந்த தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் தேயிலைத் தொழிலுக்கு அதுவே தொடக்கம்.

துரைமாரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. மலையை வெட்டி வழி சமைத்தோரின் பெயர்களைக் காண்பது அரிது. அவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்ப் பக்கத்தில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்கள் சமைத்த வழியிலே நாம் விரும்பி நடக்கப் போகிறோம். லயன் ஓரமாகச் செல்லும்போது அது ஒரு குடும்பத்தின் முற்றம் என்பதை மறத்தலாகாது. கொழுந்து பறிப்போரைக் கேளாமற் படம் பிடித்தலும் தகாது.

இரு பகுதிகளையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கின்றனர் நம்முள் சிலர். அதற்கு நாம் உடன்படோம். நெயிஸ்மித் என்ற ஸ்கொத்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி. அதன்மேல் 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதன்படி, 600 மீற்றர் ஏறும் 15 கிலோமீற்றர் வழிக்கு நான்கு மணி நேரம் வேண்டும். ஆனால் இக்கணக்கில் ஓய்வும் இல்லை, உணவும் இல்லை, மழையும் இல்லை. பழக்கமில்லாத நாம் ஆறு மணி நேரமெனக் கொள்வதே அறிவுடைமை. மாலை ஆறரைக்குள் இருள் சூழ்ந்துவிடும். ஆகவே ஒரு பகுதிக்கு ஒரு நாள்; விடியற்காலையிற் புறப்பாடு; கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் முன்னே, வலியவர் பின்னே.

இனி, மழையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையினால் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்து பல உயிர்கள் மடிந்தன. எனவே படத்திற் காணும் பாதை மலையிலும் இருக்குமென நம்பிவிடலாகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும். அவ்விடத்துத் தோட்ட மக்களிடமும் வழி கேட்க வேண்டும். அவர்கள் “போகாதீர்கள்” என்றால் திரும்பிவிட வேண்டும். திரும்புவது தோல்வியன்று என்பதை இங்கேயே, இச்சபையிலேயே ஒப்புக்கொள்வோமாக. மலையில் நின்று வாதாட நேரமிராது.

கொண்டு செல்வன சிலவே: பிடிப்புள்ள சப்பாத்து, மழை அங்கி, இரண்டு லீற்றர் தண்ணீர், மின்சூள், முதலுதவிப் பெட்டி, அட்டைக்கு நீண்ட காலுறையும் உப்பும். கொண்டு சென்ற பொலித்தீன் உறை ஒவ்வொன்றும் நம்முடனேயே திரும்பி வரவேண்டும்.

இரண்டு நாள், கேட்டு நடத்தல், வேண்டின் திரும்புதல் ஆகிய இம்மூன்றையும் பெரியோர்கள் முன்னிலையில் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு சபையை வேண்டுகிறோம்.