பனித்தளத்தில் முதல்வர் யார்?

குளிர் மிகுந்த கனடா நாட்டில் வளர்ந்த விளையாட்டு ஐஸ் ஹாக்கி. கத்தி பொருத்திய காலணி பூண்ட அறுவர், பனிக்கட்டித் தளத்தின்மீது சறுக்கிச் சென்று, கடினமான ரப்பர் வட்டொன்றை மட்டையால் அடித்து எதிரியின் வலைக்குள் செலுத்த வேண்டும். வட அமெரிக்காவில் இதன் தொழில்முறைப் பந்தயங்களை நடத்துவது, 1917-இல் தோன்றிய தேசிய ஹாக்கி லீக். பருவம் முழுவதும் ஆடி முன்னணியில் நிற்கும் அணிகள் மட்டுமே இறுதிச் சுற்றுகளில் மோதுகின்றன. அவற்றுள் வென்ற அணிக்கு உரியது, கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபு 1892-இல் வழங்கிய கோப்பை. அவ்விறுதிச் சுற்றுகளில் ஆடியோருள் தலைசிறந்தவர் யார்? கனடா நாட்டாரிடையே இது ஓயாத வழக்கு.

எண்ணிக்கையே சாட்சி என்பார்க்கு விடை எளிது. கோல் போட்டால் ஒரு புள்ளி. பிறர் போடும் கோலுக்கு வழி செய்து கொடுத்தாலும் ஒரு புள்ளி. வேய்ன் கிரெட்ஸ்கி 208 இறுதிச் சுற்று ஆட்டங்களில் 122 கோல் போட்டார். 260 கோல்களுக்கு உதவினார். ஆக, 382 புள்ளிகள். அவருக்கு அடுத்தவரான மார்க் மெஸ்ஸியர் பெற்றவை 295. வழக்கு இத்துடன் முடிந்ததா? இல்லை.

மாண்ட்ரியால் அணியின் மாரிஸ் ரிஷார் 1942 முதல் 1960 வரை ஆடியவர். அக்காலத்தில் லீக்கில் இருந்தவை ஆறே அணிகள். இறுதிக் கட்டமோ இரண்டே சுற்றுகள். கோப்பை வெல்லும் அணியும் 14 ஆட்டங்களுக்கு மேல் ஆட வழியில்லை. இன்று 16 அணிகள், நான்கு சுற்றுகள், 28 ஆட்டங்கள் வரை ஆடலாம். வாய்ப்பு இரட்டித்த பின்னர் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுவது நேர்மையாகுமா? ரிஷார் 133 ஆட்டங்களில் 82 கோல் போட்டார். நூறு ஆட்டங்களுக்கு என்று கணக்கிட்டால் அவருக்கு 62, கிரெட்ஸ்கிக்கு 59! 1944 மார்ச் 23 அன்று டொராண்டோ அணியை மாண்ட்ரியால் 5-1 என வென்றது. அந்த ஐந்து கோல்களும் ரிஷார் ஒருவரே போட்டவை. மரியோ லெமியூ 107 ஆட்டங்களில் 76 போட்டு இருவரையும் விஞ்சுகிறாரே என்று கணக்கில் வல்ல மாணவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவரும் கிரெட்ஸ்கியைப் போலக் கோல் மலிந்த காலத்தில் தலையெடுத்தவர்.

இதுகாறும் கோல் போட்டவர்களைப் பற்றியே பேசினோம். கோலைத் தடுத்தவனை எந்தத் தராசில் நிறுப்பது? இறுதிச் சுற்று ஆட்டம் சமநிலையில் நின்றால் இருபது இருபது நிமிடங்களாக நீட்டிக்கொண்டே போவார்கள்; ஒரு கோல் விழுந்த கணமே ஆட்டம் முடிந்துவிடும். முன்னணி ஆட்டக்காரன் தவறினால் மறுவாய்ப்பு உண்டு. கோல் காவலன் தவறினால் அதுவே முடிவு.

1993-இல் மாண்ட்ரியாலின் கோல் காவலர் பேட்ரிக் ராய், அத்தகைய நீட்டிப்பு ஆட்டங்களுள் முதலாவதில் தோற்றார். பின்னர் வந்த பத்திலும் அவருடைய அணியே வென்றது. இறுதிப் போட்டியில் எதிரே நின்றது கிரெட்ஸ்கியின் லாஸ் ஏஞ்சலஸ் அணி. அவ்வாண்டு இறுதிச் சுற்றுகளில் யாவரினும் மிகுதியாக 40 புள்ளிகள் பெற்றவர் கிரெட்ஸ்கிதான். ஆயினும் கோப்பை மாண்ட்ரியாலுக்குச் சென்றது. இரண்டாம் ஆட்டத்தில் எதிரணியினர் ஒருவரின் மட்டை விதிக்கு மேல் வளைந்திருந்ததை அளந்து காட்டி மாண்ட்ரியால் தப்பியதும் உண்டு, அதிர்ஷ்டத்தை மறைப்பானேன்?

இறுதிச் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரருக்கு 1965 முதல் கான் ஸ்மைத் பரிசு அளிக்கப்படுகிறது. அதை மும்முறை பெற்றவர் 2025 வரை ராய் ஒருவரே: 1986, 1993, 2001. தோற்ற அணியில் இருந்தும் அப்பரிசைப் பெற்றவர் அறுவர். அவர்களுள் நால்வர் கோல் காவலர். அணி வீழ்ந்தபோதும் தனித்து நின்று காத்தவனை நடுவர்கள் கண்டுகொண்டனர் என்றே இதற்குப் பொருள் கொள்கிறேன்.

ஆகவே என் வரிசையில் முதல்வர் ராய், அடுத்தவர் ரிஷார், மூன்றாமவர் கிரெட்ஸ்கி. எட்மண்டன் நகரத்தார் இதை ஒப்ப மாட்டார்கள். 1984-க்கும் 1988-க்கும் இடையே அவர்களுக்கு நான்கு கோப்பைகள் ஈட்டித் தந்த அணியின் தலைவர் அல்லவா அவர்!