பத்துக்கு எத்தனை?



இன்ஜினியருக்கு அளவு முக்கியம். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் நானா குவாமே அட்ஜெய்-பிரென்யாவின் 'ஃபிரைடே பிளாக்' (2018) தொகுப்பின் முதல் கதையிலும் ஓர் அளவுகோல் உண்டு. இமானுவேல் என்ற இளைஞன் தன் 'கறுப்பை'ப் பத்துக்கு எத்தனை என்று தானே அளக்கிறான். போனில் குரலை மாற்றினால் 1.5. நேரில் டை கட்டிச் சிரித்தாலும் 4-க்குக் கீழே இறங்காது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட கடைக்காரர் பிறகு வேண்டாம் என்கிறார். கறுப்பினத்தவர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறாராம்! ஐந்து கறுப்பினப் பிள்ளைகளை ரம்பத்தால் கொன்ற வெள்ளைக்காரனோ விடுதலையாகிறான்.

நானும் இன்டர்வியூ எடுப்பவன்தான். படிச்சு முடிச்ச ராத்திரி தூக்கம் வரலை. எதிரே உட்கார்ந்தவர்களை எதை வைத்து அளந்தேன்? மீட்டரே தப்பென்றால் ரீடிங் எப்படிச் சரியாகும்?

நாளை நீங்களும் அந்த நாற்காலியில் உட்காருவீர்கள். அதற்கு முன் இந்தக் கதையைப் படிச்சிடுங்க.